உணவுப் பட்டியலும் பட்டியல் சாதியும்

குடியை விட்டவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லும் துண்டறிக்கைகளை நான் இலக்கியப் பிரதியைப் போலத்தான் வாசிக்கிறேன். ஒன்று இப்போது எதிரில் கிடக்கிறது. காலையில் பால், ஆப்பிள், பாதாம். மதியம் கீரை, தயிர். இரவு சப்பாத்தி. 'இறைச்சியைத் தவிர்த்து சாத்வீக உணவு உண்ணவும்.' இந்தப் பிரதி யாரைப் பார்த்துப் பேசுது? நெடுங்காடு, திருநள்ளாறு பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற நம்ம சனங்களைப் பார்த்து இல்லை.

குடி, தயமின் என்கிற பி1 சத்தை உடம்பில் சேரவிடாது. அது வற்றினால் நடை தள்ளாடும், பார்வை இரட்டிக்கும், நினைவு குழம்பும். குடியை நிறுத்தியவனைப் பார்த்தும் 'இன்னும் போதையிலதான் இருக்கான்' என்று ஊர் சொல்லும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னே மருத்துவர்கள் தயமின் ஊசி போடுவது இதனால்தான். சரி, அந்தச் சத்து எதில் இருக்கு? இறைச்சிகளில் பன்றிக்கறியில் மிகுதி. ஈரலில் இருக்கு, பயறில் இருக்கு, வேர்க்கடலையில் இருக்கு. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்து உள்ளே இறங்குவதால் புழுங்கலரிசியிலும் இருக்கு. தீட்டின பச்சரிசியில் பெரும்பகுதி போய்விடும். ஜாவாவில் தீட்டின அரிசி தின்ற கோழிகள் நோயில் விழுந்ததைக் கவனித்த எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம்ம தட்டில் எதைப் பார்த்து ஊர் முகம் சுளித்ததோ, அதில்தான் மருந்து இருந்திருக்கிறது. (கல்லீரல் கெட்டுப்போனவருக்கு மருத்துவர் சொல்வதே கணக்கு. அது வேறு.)

குடியைப் பசியோடு சேர்த்துத்தான் படிக்கணும். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி, சத்து ஒன்றும் கிடையாது. வயிறு நிறைஞ்ச மாதிரி ஏமாத்தும். கூலி நாளில் அவித்த முட்டையும் குடல் வறுவலும் சாராயக்கடை வாசலிலேயே தீர்ந்துபோகும். வீட்டில் பொம்பளைக்கும் பிள்ளைகளுக்கும் கஞ்சித் தண்ணி. குடியை விட்ட ஆம்பளைக்கு மட்டும் எழுதப்படும் பட்டியலில், அத்தனை வருசம் அரைவயிறாகக் கிடந்தவள் இல்லை. அவ உடம்பு தேற வேண்டாமா?

அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, மக்களின் ஊட்டச்சத்தை உயர்த்துவதையும் மதுவிலக்கையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. மதுவிலக்கு மேடைகளில் பின்பாதி மட்டும்தான் கேட்கும். காரைக்கால் சேர்ந்த புதுச்சேரி ஒன்றியத்தில் அந்தப் பாதியும் கேட்காது. சாராயக்கடையை அரசே ஏலம் விடுகிறது. ரேஷனிலோ பல ஆண்டுகள் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். ரேஷன் கடை மறுபடி திறந்தது 2024-இல். அரிசி நேரே அடுப்புக்கு வரும். பணம் சாராயக்கடையைத் தாண்டித்தான் வரணும்.

அடுத்த பட்டியலை எழுதுகிறவர்கள் சேரி அடுப்படியில் உட்கார்ந்து எழுதட்டும். புழுங்கலரிசிச் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த பயறு, கிடைச்ச அன்னைக்கு நல்லா வெந்த பன்னிக்கறி. இனிப்புக்கு மனசு அலையும் முதல் வாரங்களில் வேர்க்கடலையோடு ஒரு துண்டு வெல்லம். அப்புறம், சாயங்காலம் கூலி வாங்கிக்கிட்டு வெறும் வயித்தோட கடைத்தெருப் பக்கம் போகக்கூடாது. நான் பார்த்த எந்தத் துண்டறிக்கையிலும் இந்த ஒரு வரி இல்லை.