தும்பையும் புலவர் கண்ணும்

சங்க இலக்கிய மலர்களைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் செங்காந்தளையும் தாமரையையுமே நாடிச் செல்வர். நிறமும் உருவும் பெரியனவாதலின் அவை தாமே கண்ணைக் கவரும். வழியோரத்திலும் தரிசிலும் முழங்கால் உயரத்திற்குள் வளர்ந்து, நகக்கண் அளவே பூக்கும் வெண்டும்பையை நின்று நோக்குவார் சிலரே. ஆயினும் பழந்தமிழர் அதற்கு அளித்த இடம் பெரிது. வேந்தர் இருவர் நேர்நின்று பொரும் பெரும்போருக்கே அப்பூவின் பெயரைச் சூட்டினர். இத்துணைச் சிறிய பூவுக்கு அத்துணைப் பெரிய பொருள் வந்தது எவ்வாறு?

தும்பை நெய்தலுக்குப் புறம் என்பது தொல்காப்பியம். போருக்கு ஏற்ற பரந்த மணல்வெளியையும், நெய்தலுக்குரிய இரங்கலையும் உரையாசிரியர்கள் காரணமாகக் காட்டினர். அது திணைகளின் இயைபை விளக்குமேயன்றிப் பூவின் தேர்வை விளக்காது. வெண்மை புகழின் நிறம், ஆதலின் தும்பை சூடினர் என மேடைகளில் கூறக் கேட்கிறோம். இதுவும் நிறைவளிக்கவில்லை. முல்லையும் வெண்மையே, ஆனால் அது போர்க்களத்திற்கு வரவில்லை. கார்கால மாலையில், தலைவன் வரவு நோக்கி இருப்பவளின் இல்லத்தில் மலர்ந்தது. நிறம் ஒன்றைக் கொண்டே பொருள் காண்பது, பூவைக் காணாமல் சொல்லை மட்டும் கண்டதன் விளைவு.

செடியின் அருகே அமர்ந்து பார்ப்போம். தண்டு நாற்கோணமுடையது. கணுதோறும் பசிய புல்லிவட்டங்கள் நெருங்கி ஓர் உருண்டையாகத் தண்டைச் சூழ்ந்து நிற்கும். அவற்றினின்று ஒன்றிரண்டாக வெண்பூக்கள் வெளிவரும். மேலிதழ் சிறியது; மெல்லிய மயிர் போர்த்து, மகரந்தத்தாள்களைக் கவித்து நிற்கும். கீழிதழ் அகன்று நாவென நீண்டு விரியும். தொட்ட அளவில் பூ கழன்று கையில் வீழும். அடியில் ஒரு துளி தேன்; சிற்றூர்ச் சிறுவர் அதனை உறிஞ்சிச் சுவைப்பர். இதனை எவரும் விதைப்பதில்லை. வேலி கட்டிக் காப்பதுமில்லை.

இனிப் புறத்திணைகளை நோக்குக. வெட்சியில் ஆநிரை உண்டு. வஞ்சியில் மண் உண்டு. உழிஞையில் அரண் உண்டு. மூன்றிலும் கைக்கொள்ளத்தக்க ஊதியம் ஒன்று உளது. தும்பையிலோ மைந்து ஒன்றே பொருள். வலிமையைக் காட்டுதலன்றி அப்போரில் பெறுவது வேறில்லை. விலையில்லாப் போருக்கு விலையில்லாப் பூ! நாளை வாடும் உயிருக்கு இன்றே உதிரும் இதழ்! இது நூற்பா கூறும் காரணம் அன்று. ஆயினும் செடியைக் கண்ட பின் இலக்கணத்தைப் படிப்போர்க்கு இப்பொருத்தம் புலனாகாமற் போகாது.

அக்காலப் புலவர்க்கு இத்தகைய கூர்ந்த நோக்கு உண்டு என்பதற்குக் குறிஞ்சிப்பாட்டே சான்று. அதில் 99 மலர்களைக் கபிலர் அடுக்குகிறார். அதனை வெறும் பெயர்ப்பட்டியல் என்று குறை கூறுவாரும் உளர். அக்கூற்று பொருந்தாது. பாறைமேல் பூக்களைக் குவித்து விளையாடும் மகளிரின் மகிழ்ச்சி, ஒவ்வொரு பூவையும் பெயர் சொல்லி அழைப்பதிலன்றோ வெளிப்படுகிறது! அவ்வரிசையில் தும்பையும் உண்டு. குரீஇப்பூளை எனப்படும் சிறுபூளையும் உண்டு. கொங்கு நாட்டில் பொங்கலையொட்டி வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டும் வெண்பஞ்சு போன்ற பூ அதுவே. தாமரையோடு அதனையும் ஒரே வரிசையில் வைத்த புலவரின் நெஞ்சில் பெரியது சிறியது என்ற வேறுபாடு இல்லை.

இப்பாட்டு, ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது என்பது வழிவழிச் செய்தி. வடபுலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தமிழைக் கற்பிக்கப் புகுந்த புலவர், கண்முன் காணும் செடிகொடிகளின் பெயர்களை அப்பாட்டில் நிறைத்து வைத்தார். நம் பிள்ளைகளோ சங்க வகுப்புகளில் திணைப்பெயர்களைப் பிழையின்றி ஒப்பிக்கின்றனர். தும்பை எது என்றால் விழிக்கின்றனர். குறை அவர்களுடையதன்று. பூவைக் காட்டாமல் பெயரை மட்டும் கொடுத்தவர்கள் நாமே.

காட்டுவதற்கு ஊருக்குப் போகும் விடுமுறை வரை காத்திருக்கவும் வேண்டா. மராட்டியர் தும்பா என்றும், கன்னடர் தும்பெ என்றும் இதனை அழைக்கின்றனர். மலையாளிகள் ஓணக் களத்தில் தும்பப் பூவை இடுகின்றனர். வட இந்தியத் தரிசுகளில் மழைக்காலந்தோறும் முளைக்கும் துரோணபுஷ்பி, நம் தும்பைக்கு நெருங்கிய இனம். நாம் ஊர் மாறினோம். செடி நம்மைக் கைவிடவில்லை. அடுத்த மழைக்குப் பின் பிள்ளையின் கையைப் பற்றி ஒரு வெற்றிடத்திற்குச் செல்வோம், குனிந்து பார்ப்போம். புறத்திணையின் ஒரு சொல் அங்கே உயிரோடு நிற்கும்.