இரங்குதலும் துணிதலும்: ஒரு குறளுரையும் இரணைமடுவும்

திருக்குறளில் வினைத்தூய்மை அதிகாரத்தின் ஐந்தாம் குறள் (655) உரைகாரரைப் பிரித்துவைத்த குறள்களுள் ஒன்று. பின்னர் நினைந்து இரங்கத்தக்க செயலைச் செய்யலாகாது என்ற முற்பகுதியில் சிக்கலில்லை. ஒருகால் செய்துவிட்டால்? பின்னிருந்து இரங்காமையே நன்று என்பது பரிமேலழகர் கொள்கை. அத்தகையதை மீண்டும் செய்யாமையே நன்று என்பர் மு. வரதராசன் போன்றோர். இதனை வெறும் சொற்பொருட் பிணக்காக நாம் கருதவில்லை.

1982 இல் டேவிட் பெல் ஒருபுறமும், லூம்ஸ், சக்டன் இருவரும் மறுபுறமும் ஏறத்தாழ ஒரே கோட்பாட்டை முன்வைத்தனர். விளைவு தெரியாத நிலையில் முடிவெடுப்போர், கைவிட்ட வழியே சிறந்ததாக முடிந்தால் தமக்கு நேரும் வருத்தத்தையும் முன்கூட்டியே எடைபோடுகின்றனர் என்பது அது. நம்மவர் அன்றே சொன்னார் என மகிழ்வது எளிது, அது ஆய்வாகாது. குறளும் கோட்பாடும் பொதுவாக ஒன்றை எடுத்துக்கொள்கின்றன: துணிபவனும் இரங்குபவனும் ஒருவனே. வினைத்தூய்மை, அமைச்சனின் இயல்பு கூறும் பகுதியில் நிற்பதை இங்கு மறத்தலாகாது. குடிகளின் இரக்கம் அங்கு பேசுபொருளன்று.

வன்னியில் மழையை எதிர்பார்த்துப் புழுதியில் விதைக்கும் மானாவாரி விவசாயிக்கு இக்கோட்பாடு பொருந்தும். துணிவும் அவனது, விதைநெல்லும் அவனது. அயலவர் விதைக்கும் வாரத்திலேயே அவனும் விதைக்கின்றான். பிழைத்தால் தனியே இரங்க வேண்டியதில்லை.

குளத்துக் கதவின் கதை வேறு. கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடு, புனரமைப்பின் பின் 2018 டிசெம்பர் முற்பகுதியில் திறந்துவைக்கப்பட்டது. அம்மாதம் 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. வான்கதவுகள் பிந்தியே திறக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழ, விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. எவரையும் குற்றவாளியாக்குதல் நம் நோக்கமன்று. இத்தகைய முடிவின் அமைப்பையே நோக்குகின்றோம். நீரைத் திறந்தபின் மழை ஓய்ந்தால், குறையும் நீர் சிறுபோகத்தின் ஏக்கர்க் கணக்கில் அனைவருக்கும் தெரியும். திறந்தவரின் பெயரும் தெரியும். தேக்கி வைத்து வெள்ளம் வந்தால் பழியை வானத்தின்மேல் ஏற்ற இடமுண்டு. முன்னுணரும் வருத்தம் ஆகவே தேக்குதலின் பக்கமே சாய்க்கும். புதிய அணைக்கட்டு அச்சாய்வுக்கு நம்பிக்கையும் ஊட்டக்கூடும். தமிழில் 'துணிவு' என்ற ஒரே சொல் முடிவையும் அஞ்சாமையையும் குறிப்பது சிந்திக்கற்பாலது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் சொல்லோடு நின்றுவிடுவதில்லை.

எனவே பொதுவினையைப் பொறுத்தமட்டில் பரிமேலழகர் உரையை நாம் ஏற்பதற்கில்லை. கடந்ததை எண்ணி இரங்காதிருத்தல் அமைச்சனின் உறுதிக்கு உதவலாம். வயல் மூழ்கிய கண்டாவளை விவசாயி கேட்பதோ, அடுத்த மாரியில் எந்த நீர்மட்டத்தில், எவருக்கு அறிவித்தபின் கதவு திறக்கப்படும் என்பதையே.