ஒரு சொட்டு நல்லெண்ணெய்

சித்த மருத்துவத்தின் நெய்க்குறி பார்ப்பதில் எனக்குப் பிடித்தது அதன் நிதானம். விடிகாலைச் சிறுநீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, அலை அடங்கியபின் குச்சி நுனியிலிருந்து ஒரு சொட்டு நல்லெண்ணெய். கை நடுங்கக் கூடாது. பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக விரிந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். இது சித்தர் தேரையர் வழி.

தஞ்சையில் மன்னர் இரண்டாம் சரபோஜியின் தன்வந்திரி மகால் மருத்துவமனையில் சித்தமும் ஆங்கில மருத்துவமும் அருகருகே இருந்தன. எனக்கும் இரண்டும் வேண்டும். ஏனென்றால், நீர்ப்பாதை அடைப்பை எண்ணெய் காட்டாது. அதற்குச் சிறுநீர் ஓட்டத்தை அளக்கும் யூரோஃப்ளோ கருவியின் புனல் வேண்டும். ஓட்டம் நொடிக்கு 10 மில்லிக்குக் கீழே போனால் அடைப்பா, சிறுநீர்ப்பை தளர்ந்ததா என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். மடையில் நீர்வரத்தைப் பார்த்தே வாய்க்காலின் நிலையைச் சொல்லும் டெல்டாக்காரருக்கு அந்தக் கருவி தரும் ஓட்ட வரைபடம் சட்டென்று பிடிபடும். சோதனை சரியாக அமைய 150 மில்லியாவது போக வேண்டும். கூச்சப்பட்டுக் கொஞ்சமாகப் போனால், மறுபடி தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள்.