'ரன்அவே': நடுவில் வரும் அந்த நாதம்

1961 ஏப்ரலில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்து நான்கு வாரம் அங்கேயே இருந்த பாட்டு, டெல் ஷானனின் 'ரன்அவே'. பிரிந்துபோன காதலியை நினைத்து மழையில் நடப்பவனின் புலம்பல்தான். ஆனால் பாதியில் ஒரு மின்னிசை கீச்சென்று எழுந்து வளைந்து நெளிந்து ஓடுகிறதே, அதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கிளாவியோலின் என்ற சிறு கீபோர்டைத் தானே மாற்றியமைத்து 'மியூசிட்ரான்' எனப் பெயரிட்டு வாசித்தவர் மேக்ஸ் க்ரூக். பாட்டை ஷானனோடு சேர்ந்து எழுதியவரும் அவரே. (1954இல் வந்த இந்திப்படம் 'நாகின்', அதன் மகுடி ஓசையும் கிளாவியோலின்தான்!) மைனரில் அழுதுகொண்டிருக்கும் பாட்டு பல்லவியில் மேஜருக்குத் தாவ, ஷானனின் குரலும் பொய்க்குரலுக்கு ஏறிவிடுகிறது. பதிவான பிறகு வேகத்தைச் சற்றுக் கூட்டினார்களாம். அந்தக் குரலின் தவிப்பில் அதற்கும் பங்குண்டு. இத்தனையும் இரண்டரை நிமிடத்துக்குள்!