சுற்றுப்பாதையும் நெடும்பாதையும்

பாலைவன நெடும்பந்தயமான தாக்கார் ராலியில் ஒரே நாளின் பந்தயப் பகுதி சில வேளை 400 கிலோமீட்டரைத் தாண்டும். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை இலங்கையின் நீளமே ஏறக்குறைய 430தான். நெடுந்தூர மண்பாதைப் பைக் பந்தயம் இலங்கையில் வேர்விடாததற்குத் தீவின் அளவையே பலரும் காரணம் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது.

இந்தியாவில் இந்த விளையாட்டுக்குத் தூரம்தான் உயிர். 1999இல் தொடங்கிய ரெய்ட் டி ஹிமாலயா, அக்டோபர்க் குளிரில் ஹிமாசலத்தின் மலைப்பாதைகளில் நாட்கணக்கில் ஓடிய பந்தயம். 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. இன்ஜினும் திணறும், ஓட்டுபவரும் திணறுவார். ராஜஸ்தான் மணலில் 2016இல் வந்த இந்தியா பாஹாவில் சோதனை வேறு. இத்தகைய பாலைவனப் பந்தயத்தில் ஹேண்டில்பாரின் மேல் ஒரு பெட்டி, அதற்குள் சுருட்டிய காகிதத்தில் ரோடு புக். எத்தனையாவது கிலோமீட்டரில் திருப்பம், எங்கே பள்ளம் என்பதெல்லாம் அதில் குறிகளாக இருக்கும். நின்றபடி ஓட்டிக்கொண்டே அதையும் நகர்த்திப் படிக்க வேண்டும். ஆட்களை இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவதால் போட்டியாளரைவிட அவர் கிளப்பிய புழுதியைத்தான் அதிகம் பார்க்க நேரும். கைதட்ட அங்கே யாரும் இல்லை.

இலங்கையில் அதே மண், அதே தாவல், ஆனால் எல்லாம் ஒரு வேலிக்குள். தியத்தலாவையில் ஃபாக்ஸ் ஹில், அநுராதபுரம் சாலியபுரவில் கஜபா சூப்பர்கிராஸ், சிகிரியாவில் விமானப்படையின் ராலி கிராஸ். எல்லோரும் ஒன்றாகப் பாய்வார்கள், முதல் வளைவிலேயே முழங்கை இடிபடும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். மேட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு ஆட்டம் முழுவதும் தெரியும். பார்ப்பதற்கு இதுவே மேல் என்பேன். அந்த நெருக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு: 2024 ஏப்ரல் 21 அன்று ஃபாக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகிக் கூட்டத்துக்குள் புகுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள்.

மேலே சொன்ன மூன்றையும் நடத்துவது படையினர் என்பதைக் கவனிக்க வேண்டும். பந்தயத்துக்கு ஒதுக்க வெற்று நிலமும் அதைக் காக்க ஆள்பலமும் அவர்களிடம்தான் இருக்கின்றன. மற்ற நிலம் யாருடையது? மலையகத்தின் மண்பாதைகள் தேயிலைத் தோட்டங்களுக்குரியவை. தோட்டத் தொழிலாளர் லயங்களின் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் வழியை நாட்கணக்கில் மூட முடியாது, மூடவும் கூடாது. காடென்றால் வன, வனவிலங்குத் திணைக்களங்கள். வடக்கின் திறந்த வெளியில், முகமாலை போன்ற இடங்களில், போர் முடிந்தும் பல ஆண்டுகள் கண்ணிவெடி அகற்றினார்கள். பாதையை விட்டு விலகுவதே அங்கு வேறு பொருள் கொண்டது.

பணக்கதையும் உண்டு. 2015இல் பெங்களூரின் சி.எஸ்.சந்தோஷ் தாக்காரை முடித்த முதல் இந்தியரானார். அதே தாக்காரில் ஓசூரின் பைக் கம்பெனி டி.வி.எஸ்., பிரான்ஸின் ஷெர்கோ கம்பெனியோடு சேர்ந்து இறங்கியது. அடுத்த ஆண்டே இன்னோர் இந்திய பைக் கம்பெனியான ஹீரோ தனக்கென ராலி அணி அமைத்தது. 2024 தாக்காரில் ஷொர்ணூரின் ஹரித் நோவா ராலி 2 பிரிவில் முதலாக வந்தது ஷெர்கோ டி.வி.எஸ். அணிக்காகத்தான். சந்தோஷும் ஹரித்தும் சுற்றுப்பாதையில் தாவிப் பழகியவர்களே. அந்தப் பள்ளி இலங்கையிலும் இருக்கிறது. அதை முடித்தவரைக் கைப்பிடித்து அழைத்துப்போக ஒரு பைக் கம்பெனி இல்லை. வெளியிலிருந்து பைக் வரவழைப்பதும் எளிதாயிருக்கவில்லை: 2020இல் வந்த வாகன இறக்குமதித் தடை தனியார் வாகனங்களுக்குத் தளர 2025 ஆகிவிட்டது.

என்னைக் கேட்டால் இலங்கை இந்தியாவிடமிருந்து எடுக்க வேண்டியது வேகப் பந்தயத்தை அல்ல, டி.எஸ்.டி. (நேரம், வேகம், தூரம்) ராலியை. அதில் ஒவ்வொரு பகுதிக்கும் சராசரி வேகம் குறித்துத் தருவார்கள். பிந்தினாலும் முந்தினாலும் தண்டப்புள்ளி. வேகத்தைச் சட்ட வரம்புக்குள் வைக்கலாம் என்பதால் பாதையை மூட வேண்டியதில்லை. தோட்டத்து நிர்வாகமும் அங்கே குடியிருப்பவர்களும் சம்மதித்தால் மலையகத்தின் மடுல்சீமைப் பக்கத்துப் பாதைகளிலேயே ரோடு புக் படிக்கப் பழகலாம். பழைய 250 சிசி ஜப்பான் பைக்கே அதற்குப் போதும்.