ஊரே திருத்திய நாடகம்

'வளர்ச்சிக்கான நாடகம்' என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பாலானவை எனக்குப் பிடிப்பதில்லை. ஜீப்பில் வந்து இறங்கும் ஒரு குழு, கொஞ்சம் பறை முழக்கம், அரை மணி நேரக் கூச்சல், கடைசியில் கூட்டத்தைப் பார்த்து நீளும் ஒரு விரல். கை கழுவு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு, சண்டை போடாதே. சொல்லும் விஷயத்தில் குற்றமில்லை. கேட்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்புதான் உறுத்துகிறது. இந்த வகையறாவில் கலையாகவே நிற்கிற ஒன்றைக் காட்டு என்றால், நான் கென்யாவுக்குத்தான் போவேன்.

நைரோபியிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, லிமுரு பக்கம் இருக்கிறது கமிரீத்து. மாவ் மாவ் எழுச்சியை ஒடுக்க 1950களில் பிரிட்டிஷார் மக்களை அவர்கள் வீடுகளிலிருந்து அள்ளி வந்து அடைத்த குடியிருப்புகளில் ஒன்று. தேயிலைத் தோட்டக் கூலிகள், பாட்டா செருப்பு ஆலைத் தொழிலாளிகள், வேலை கிடைக்காத இளவட்டங்கள் இவர்கள்தான் ஊர். 1976இல் இந்த ஊர்ப் பெண் ஒருத்தி கூகி வா தியாங்கோவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இவ்வளவு படித்திருக்கிறாயே, அதில் கொஞ்சம் ஊருக்குத் தரக்கூடாதா என்று கேட்டாள். அவர் இசையும்வரை வாரம் தவறாமல் வந்தாளாம். அப்போது அவர் நைரோபி பல்கலைக்கழகப் பேராசிரியர், ஆங்கிலத்தில் எழுதிப் பேர் வாங்கிய நாவலாசிரியர்.

முதியோர் எழுத்தறிவு வகுப்பில் தொடங்கிய காரியம் நாடகத்தில் வந்து நின்றது. கூகியும், அதே முன்பெயர் கொண்ட கூகி வா மிரீயும் சேர்ந்து கிகூயூ மொழியில் ஒரு பிரதி எழுதினார்கள். பெயர் 'ங்காஹீகா ந்தேண்டா'. நினைத்தபோது மணம் முடிப்பேன் என்று பொருள். கதை எளியது. கிகூண்டா என்ற கூலிக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அதன் பத்திரம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. தேவாலயத்தில் முறைப்படி திருமணம் செய்துகொள்ளச் சொல்லி ஆசை காட்டும் பணக்கார முதலாளியின் பேச்சை நம்பிக் கடன் வாங்குகிறான், நிலம் போய்விடுகிறது. தாளில் வாசிக்கும்போது எனக்குச் சில இடங்கள் பிரசங்கமாகவே பட்டன. கெட்டவனுக்கு ஆகாப் என்றும் அவன் மனைவிக்கு யேசபேல் என்றும் பைபிளிலிருந்து பெயர் வைத்துவிட்டால் மிச்சத்தை நாமே ஊகித்துவிடலாமே! ஆனால் அந்தப் பத்திரத்தைப் பாருங்கள். ஒரு சுவர், அதில் ஒரு காகிதம். கிகூண்டாவின் கண் திரும்பத் திரும்ப அங்கேதான் போகிறது. நிலமிழந்தவர்கள் நிறைந்த கூட்டத்துக்கு முன் அந்த ஒற்றைக் காகிதத்துக்கு வசனமே தேவைப்பட்டிருக்காது.

நான் ரசிப்பது பிரதியைவிட, அது ஊரின் கையில் பட்ட பாட்டை. பிரதி 1977இல் ஊர் நடுவே வாசிக்கப்பட்டது. ஒத்திகைகள் சனி, ஞாயிறு பிற்பகல்களில், திறந்தவெளியில் நடந்தன. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வயதான ஒரு பாத்திரத்தின் பேச்சைக் கேட்டுவிட்டு, கிழவர்கள் இப்படியா பேசுவார்கள் என்று மடக்கினார்கள். பெரியவனுக்கு மதிப்பு வேண்டுமானால் அவன் வாயில் இன்ன மாதிரிப் பழமொழி வந்தாக வேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். எந்த வயதுக்கு எந்தச் சொல் என்று ஒரு சபையே வழக்காடியிருக்கிறது. மாவ் மாவ் காலத்தை நடித்துக் காட்டும் இடங்களில், அன்று அதில் இருந்தவர்களே எதிரே உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கி எப்படிக் கைமாறியது, பெண்கள் சிப்பாய்களின் கண்ணில் எப்படி மண்ணைத் தூவினார்கள் என்பதில் அவர்களிடம் எந்தச் சமாதானமும் செல்லாது.

திருமணக் காட்சியில் வரும் 'கீத்தீரோ' பாட்டைத்தான் நான் உச்சம் என்பேன். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் எதிரெதிரே நின்று பாட்டிலேயே சீண்டி, பாட்டிலேயே பதில் சொல்லும் பழைய சடங்கு. அதைச் சொல் சொல்லாகச் சொல்லிக் கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி. எழுத்தறிவு வகுப்பு நடத்தப் போன பேராசிரியர் நோட்டுப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து, கிழவி சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார். நாடகத்தால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று அறிக்கை கேட்பவர்களிடம் இந்த ஒரு காட்சியை நீட்டலாம்.

அரங்கும் ஊரார் கட்டியதே. வேலையில்லாத இளைஞர்கள் தீக்குச்சிகளை அடுக்கி மாதிரி செய்து பார்த்து, பிறகு கட்டினார்கள். அரைவட்ட மேடை, பின்னால் மூங்கில் தடுப்பு, படிப்படியாக உயரும் மரப்பலகை இருக்கைகள். 2,000 பேர் உட்காரலாம், கூரை கிடையாது. இருக்கைகளுக்குப் பின்னால் உயரமான யூகலிப்டஸ் மரங்கள். ஒரு காட்சியின்போது நடிகர்கள் சிலர், யாரும் சொல்லிக் கொடுக்காமல், அந்த மரங்களில் ஏறிக் கிளைகளிலிருந்தே பாட்டில் சேர்ந்துகொண்டார்கள். டிக்கெட் வாங்கியவருக்கு மட்டும் என்றிருந்த பாட்டு அந்த நிமிடமே ஊருக்கெல்லாம் ஆகிவிட்டது. எத்தனை இயக்குநர்கள் மண்டையை உடைத்துக்கொண்டாலும் இப்படி ஒன்று வாய்க்காது. இயக்குநர் கிமானி கெகாவ் அதைத் தடுக்காமல் விட்டாரே, அது அவருடைய ரசனை.

1977 அக்டோபர் 2 அன்று அரங்கேற்றம். நவம்பர் 16இல் அரசின் தடை. டிசம்பர் 31 அன்று கூகி வா தியாங்கோ கைதானார். விசாரணையின்றி ஓராண்டு, கமிட்டி என்ற இடத்துச் சிறையில். அங்கே கழிவறைக் காகிதத்தில் அவர் எழுதிய கிகூயூ நாவல்தான் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று தமிழில் நமக்குக் கிடைத்தது.

கமிரீத்துக்காரர்கள் விடவில்லை. 1982இல் 'மைத்து ஞுகீரா' என்ற இசை நாடகத்தோடு வந்தார்கள். தாயே, எனக்காகப் பாடு என்பது பெயரின் பொருள். கென்யாவின் எட்டுக்கும் மேற்பட்ட இனங்களிலிருந்து எண்பதுக்கும் அதிகமான பாடல்கள் அதில் இருந்தன. இனத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கும் நாட்டில், ஒரு கிகூயூ ஊர் மற்றவர்களின் பாட்டைப் பாடம் பண்ணி வாயில் ஏற்றிக்கொண்டது. அமைதியைப் பற்றி ஒரு வரி பேசாமலேயே செய்த அமைதி வேலை இது. தேசிய அரங்கின் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் நடந்த ஒத்திகைகளையே ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து பார்த்தார்கள். அரங்கேறாமலே ஓடிய நாடகம்! மார்ச் 12 அன்று ஆயுதப் போலீஸ் மூன்று லாரிகளில் வந்து கமிரீத்து அரங்கைத் தரைமட்டமாக்கியது.

பலகையையும் மூங்கிலையும் உடைத்துவிடலாம். செய்முறையை என்ன செய்வது? கூகி வா மிரீயும் கெகாவும் ஜிம்பாப்வேக்குத் தப்பிப் போய், அங்கேயும் ஊர்ச் சனங்களைக் கூட்டி நாடகம் போட ஆரம்பித்தார்கள்.