ஒரு குடும்பம், ஒரு கணக்கு

இலங்கையின் நெடுந்தீவில் அடிபடும் பெண்ணுக்குச் சட்டம் இல்லாமலில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். அடித்தவனை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கலாம். அவசரச் செலவுக்கு அவனே பணம் கொடுக்கவும் பணிக்கலாம். ஆனால் நீதவான் நீதிமன்று இருப்பது ஊர்காவற்றுறையில். குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு புங்குடுதீவு, வேலணை தாண்டி பஸ். கூலிக்குப் போகிறவளுக்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் சம்பளம்.

அந்தச் செலவைத் தாங்க அவள் கையில் இருக்கக்கூடியது அரசின் அஸ்வெசும நலன்புரிக் காசு. 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த இத்திட்டம், மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா வரை என்று தொடங்கி, 2025இல் 17,500 ஆனது. காசு நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. இது சின்ன நன்மையல்ல. நெடுந்தீவில் தனிப் பிரதேச செயலகம் இருப்பதால் அலுவல் பார்க்கக் கடல் கடக்கவும் வேண்டாம்.

கோளாறு அலகில் இருக்கிறது. திட்டம் எண்ணுவது குடும்பத்தை. அந்தக் குடும்பத்துக்குள் காசு யார் கையில் என்று அது கேட்பதில்லை. கணவன் குடித்தழிக்கும் உழைப்பும் அவள் வருமானமாகவே பதிவாகிறது. தாய்வீட்டுக்குப் போனால் அந்த வீட்டுக் கணக்கில் இன்னொரு தலையாகிறாள்.

சொத்துக் கணக்கிலும் இதே கோளாறு. சீதன வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தீவுகளில் அது பெரும்பாலும் பெண்ணின் பெயரில்தான். அதனால் வெளியேற வேண்டியவன் அவன், அவளல்ல. பாதுகாப்புக் கட்டளை இங்கே உண்மையிலேயே பலமானது. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையின்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இன்றி அவள் அதை விற்கவோ குத்தகைக்கு விடவோ இயலாது. எளிதில் காசாக்க முடியாத அந்த வீடும் அஸ்வெசுமவின் அளவுகோல்களில் சொத்து.

இதற்கு முன்மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்கா 1996இல் நலன்புரிச் சட்டத்தைத் திருத்தியபோது, வன்முறைக்குள்ளானவர்களுக்கு வேலை நிபந்தனையையும் காலவரம்பையும் தளர்த்த மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே அவள் தன் நிலையை அலுவலரிடம் வாய்திறந்து சொல்லவேண்டும். இங்கே அந்த அலுவலர் கணவனின் ஒன்றுவிட்ட அண்ணனாகவும் இருக்கலாம். நீதிமன்றக் கட்டளையின் பிரதி பிரதேச செயலகத்துக்குப் போய், அன்றிலிருந்து அவளும் பிள்ளைகளும் தனிக் குடும்பமாகப் பதியப்படுவதே பொருத்தம். மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பதும் அஸ்வெசுமக் கோப்பு இருப்பதும் அதே செயலகத்தில்தானே!

இப்படிச் செய்தால் பொய் வழக்குகள் பெருகும் என்பார்கள் சிலர். மாதம் 17,500 ரூபாவுக்காகப் படகேறி, ஊரறிய மன்றில் நின்று, புருஷனை வீட்டைவிட்டு வெளியே போட எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்று அவர்கள்தான் சொல்லவேண்டும்.